விக்டோரியா டீச்சர் திருத்தாத வரி

தட்டில் பாதிப் புட்டு அப்படியே இருக்க, லிஜின் விருட்டென்று எழுந்து போன இடத்தில் சென்ற வாரம் கதையை நிறுத்தியிருந்தோம். இந்த ஒரு வாரத்துக்குள் விக்டோரியா டீச்சரைத் திட்டிய வாசகர்களும் உண்டு. வளர்த்த அக்காவை எதிர்த்துப் பேசினான் என்று லிஜினைத் திட்டியவர்களும் உண்டு. மேலே போகுமுன் நடந்ததை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம்.

லிஜினுக்கு மஸ்கட்டில் ஒரு ரொட்டிக் கம்பெனியில் வேலை. திற்பரப்புக்காரன் ஜெபிஷும் அங்கேதான். ஒரே ரூம், ஒரே ஷிப்ட். அங்கே மாவு பிசைகிற பெரிய மெஷினுக்கு ஒரு மூடி உண்டு. மூடியைத் திறந்தால் மெஷின் தானாக நின்றுவிட வேண்டும். ஒரு திங்கட்கிழமையிலிருந்து அது கோளாறு பண்ணியது. சில நேரம் நின்றது, சில நேரம் நின்றுவிட்டு மறுபடி சுற்றியது. சூப்பர்வைசரிடம் சொன்னார்கள். என்னிடம் சொல்லாதே, மேனேஜருக்கு இங்கிலீஷில் எழுதி அனுப்பு என்று அவன் தட்டிக் கழித்துவிட்டான்.

இங்கிலீஷில் எழுதுவதென்றால் லிஜினுக்கு உதறல். முன்பு அவன் லீவு கேட்டு எழுதியதை மேனேஜர் கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, எல்லாரையும் சிரிக்க வைத்திருந்தான். அதனால் லிஜின் வரியை எழுதி முதலில் நாகர்கோவிலில் இருக்கிற அக்காவுக்கு அனுப்பினான். அக்கா யார்? பேர்போன இங்கிலீஷ் டீச்சர் அல்லவா!

'மிக்சர் டோர் ஈஸ் நாட் வொர்க்கிங் சின்ஸ் மண்டே.' அவ்வளவுதான் வரி.

விக்டோரியா டீச்சர் அப்போது அரைப் பரீட்சைப் பேப்பர் கட்டோடு உட்கார்ந்திருந்தார். 'ஹேஸ் நாட் பீன்' என்று வரவேண்டிய இடம் அது. அதைப் போட்டுக் கொடுத்திருந்தால் காரியம் முடிந்தது. ஆனால் டீச்சர் யாருக்கும் விடையைச் சொல்லிக் கொடுப்பதில்லை. தப்பு இருக்கிறது என்று மட்டும் காட்டுவார், பிள்ளை தானாகத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். 'டென்ஸ் தப்பு. ட்ரை அகெய்ன்' என்று பதில் போட்டார். லிஜின் மாற்றி எழுதி அனுப்பினான். அதற்கும் 'ட்ரை அகெய்ன்'. அவன் மேனேஜருக்கு ஒன்றும் அனுப்பவில்லை.

மறுநாள் காலை, மெஷின் நின்றுவிட்டது என்று நம்பி, ஓரத்தில் ஒட்டிய மாவை வழிக்க ஜெபிஷ் கையை விட்டான். வலது கையில் இப்போது கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம்.

ஜெபிஷைக் கூட்டிக்கொண்டு ஊர் வந்த லிஜின், ஒரு வாரம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, புட்டுத் தட்டின் முன்னால் சொன்னது இதுதான்: "ஜெபிஷுக்க வீட்டுல போயி நீயே சொல்லணும் அக்கா. சொல்லாட்டா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்."

சனிக்கிழமை விடிந்ததும் விக்டோரியா டீச்சர் வெள்ளைப் புள்ளி போட்ட காட்டன் சேலையைக் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து, அவர் கணவர் ஞானதாசன் பத்திரிகையை மடித்து வைத்தார்.

"நெசமாவே போறியா?"

"போணும்."

"ஏட்டி, நான் ஒண்ணு கேக்கேன். அந்த மெஷினு நீ வாங்கிப் போட்டதா? ரிப்பேர் பாக்குதது ஒனக்க வேலையா? கம்பெனிக்காரன் பண்ணுன அநியாயத்துக்கு நீ எதுக்குப் போயி தலையக் குடுக்க?"

"நான் தலைய ஒண்ணும் குடுக்கல்ல."

"பழம் வாங்கிட்டுப் போ. பாத்துட்டு வா. ஜெபம் பண்ணு. மத்தது ஒண்ணும் பேசாத. அவங்க வீட்டுல என்ன வெப்ராளமும் சங்கடமும் இருக்குமோ, அதுல நீ வேற போயி..."

ஞானதாசனைக் குறை சொல்ல முடியாது. இரும்புக் கடை நடத்துகிறவர். வருகிற புகாரை எல்லாம் கம்பெனி தலையில் கட்டிப் பழகியவர். மனைவி மேல் உள்ள பிரியத்தில்தான் சொன்னார். ஒரு நிமிஷம் டீச்சருக்கும் அது சரி என்றே தோன்றியது. பழம், ஜெபம், இரண்டு நல்ல வார்த்தை. யார் கேட்கப் போகிறார்கள்?

வாசலில் லிஜின் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். அவன் முதுகைப் பார்த்ததும் அந்த நினைப்பு போய்விட்டது.

மார்த்தாண்டம் வரை பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில்தான் இருந்தார்கள். லிஜின் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அம்மா இறந்தபோது லிஜின் நாலாம் கிளாஸ். விக்டோரியாவுக்கு அப்போதுதான் கல்யாணம் முடிந்திருந்தது. தம்பியைக் கையோடு கூட்டி வந்துவிட்டார். சோறு போட்டார், காய்ச்சலுக்கு விழித்திருந்தார், இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தார். மூன்றையும் ஒரே கண்டிப்போடு செய்தார். லிஜின் வளைகுடாவுக்குப் போன பிறகு ஒரு சட்டம் போட்டார்: வீட்டுக்கு அனுப்புகிற மெசேஜ் இங்கிலீஷில்தான் இருக்க வேண்டும், தப்பாக இருந்தால் சரியாக எழுதும் வரை பதில் கிடையாது. என் தம்பியைப் பார்த்து ஒருத்தன் சிரிக்கக் கூடாது என்கிற வைராக்கியம். பாசம்தான், இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாசம் பாதி நேரம் பரீட்சை ஹால் சூப்பர்வைசர் மாதிரி நின்றது.

"லிஜினு."

"ம்."

"மேனேஜர் சிரிச்சான்னு நீ சொன்னப்போ எனக்கு ராவு முழுக்க ஒறக்கம் இல்ல. அதுக்குத்தான் நான் அப்படி..."

"தெரியும் அக்கா."

"பெறவு எதுக்கு இப்படி மூஞ்சத் திருப்பிட்டு இருக்க?"

லிஜின் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னான்: "எனக்கு ஒனக்க மேல கோவம் இல்ல. நான் உள்ளபடியே அனுப்பியிருக்கலாம். தப்போட அனுப்பியிருந்தா அவன் சிரிச்சிருப்பான், அவ்வளவுதான். ஆனா ஒனக்க 'ட்ரை அகெய்ன்'ன தாண்டி எனக்கு அனுப்பத் தோணல்ல. அதத்தான் என்னால தாங்க முடியல்ல."

அவன் அடித்திருந்தால்கூட டீச்சருக்கு இவ்வளவு வலித்திருக்காது. மார்த்தாண்டத்தில் இறங்கி, ஆப்பிளும் மாதுளையும் வாங்கிக்கொண்டு, குலசேகரம் பஸ்ஸில் ஏறினார்கள்.

திற்பரப்பு ரோட்டில் சனிக்கிழமைக் கூட்டம். அருவிக்குக் குளிக்க வந்த வேன்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு வரிசையாக நின்றன. அந்தச் சத்தத்தைத் தாண்டி, ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு சின்ன கான்கிரீட் வீடு. முற்றத்துக் கயிற்றில் ரப்பர் ஷீட் காய்ந்துகொண்டிருந்தது.

"டீச்சரே! வாருங்க, வாருங்க!"

ஓடி வந்தவள் ஜெபிஷின் மனைவி ஜினிஷா. பிறந்த வீடு நாகர்கோவில். பத்தாம் கிளாஸ் வரை விக்டோரியா டீச்சரிடம் படித்தவள். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு டீச்சரை இப்போதுதான் பார்க்கிறாள். டீச்சரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

உள்ளே கட்டிலில் ஜெபிஷ் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கட்டுப் போட்ட கை ஒரு தலையணை மேல் இருந்தது. அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே டீச்சர் அதைத்தான் பார்த்தார்.

"வாங்க அக்கா. இரியுங்க. ஏலே லிஜினு, நீ என்ன வெளிய நிக்க? புதுசா வந்தவன் மாதிரி."

"வேதன உண்டா மக்கா?" என்றார் டீச்சர்.

"ராத்திரிதான் கொஞ்சம். இல்லாத வெரலு வலிக்குமாம், டாக்டர் சொன்னாரு. அது உள்ளதுதான் அக்கா." அவன் சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு டீச்சரால் பதில் சிரிப்பு கொடுக்க முடியவில்லை.

ஜினிஷா சாயா கொண்டு வந்தாள். ஏத்தங்காய் சிப்ஸும் வைத்தாள். சொல்லிவிட வேண்டும், இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று டீச்சர் தம்ளரைக் கீழே வைத்தார். அதற்குள் ஜினிஷா முந்திக்கொண்டாள்.

"நீங்க இன்னைக்கி வந்தது ஆண்டவருக்க கிருபை டீச்சர். கம்பெனியில இருந்து மேனேஜர் மெசேஜ் போட்டிருக்காரு. என்ன நடந்ததுன்னு நாங்க இங்கிலீஷ்ல எழுதி இன்னைக்கிக்குள்ள அனுப்பணுமாம். லிஜின் அண்ணன் போன்ல சொன்னாவ, டீச்சரு சனிக்கிழமை வருவாவன்னு. செரி, டீச்சரே எழுதித் தரட்டும்னு காத்துட்டு இருக்கோம். நீங்க எழுதுனா ஒரு குத்தம் சொல்ல முடியுமா?"

அன்று மஸ்கட்டில் ஒரு வரி, இன்று இங்கேயும் ஒரு வரி. எல்லாரும் இவருக்காகத்தான் காத்திருக்கிறார்கள்!

டீச்சர் லிஜினைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான்.

"எழுதலாம்" என்றார் டீச்சர்.

"மொதல்ல ஒரு ஜெபம் பண்ணுங்க டீச்சர். பெறவு எழுதுவோம்" என்று ஜினிஷா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள். ஜெபிஷ் கண்ணை மூடினான். லிஜினும் மூடினான்.

ஜெபம் என்றால் விக்டோரியா டீச்சர். சபைப் பெண்கள் ஐக்கியத்தின் கன்வென்ஷன் கூட்டத்தில் முடிவு ஜெபம் எப்போதும் அவருக்குத்தான் கொடுப்பார்கள். தடங்கல் இல்லாமல் வரும்.

"இரக்கமுள்ள பரம தகப்பனே, உமது சமுகத்தில் தாழ்மையோடு வருகிறோம். இந்த வீட்டை உமது கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம். உமது மகன் ஜெபிஷை நினைத்தருளும். அவன் சரீர வேதனையை மாற்றும். அவன் கையின் காயத்தை..."

அங்கே நின்றுவிட்டது. வெளியே ஏதோ வேன் ஹாரன் அடித்தது. மூன்று பேரும் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள்.

"ஆண்டவரே," என்று டீச்சர் மறுபடி தொடங்கினார். குரல் வேறாக இருந்தது. "இந்தப் பிள்ளைக்க கை போனதுல எனக்கும் பங்கு உண்டு. மெஷினு கெட்டுப் போச்சுன்னு லிஜின் எனக்கு எழுதுனான். மேனேஜருக்கு அனுப்ப ஒரு வரி திருத்திக் கேட்டான். எனக்கு அது தெரியும். ஒரு நிமிஷத்துல குடுத்திருக்கலாம். நான் குடுக்கல்ல. நீயே கண்டுபிடின்னு திருப்பி அனுப்புனேன். ரெண்டு தடவ அனுப்புனேன். அவன் என்ன சொல்லுதான்னு நான் வாசிக்கவே இல்ல ஆண்டவரே. தப்பத்தான் வாசிச்சேன். அவன் ஆபத்துன்னு எழுதினான், நான் மார்க்கு போட்டேன். இவங்க முகத்தப் பாத்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரல்ல. அதனால உம்மகிட்ட சொல்லுதேன். இவங்களும் கேக்கட்டும். ஆமென்."

அந்த ஆமென் அவருடைய குரலில் மட்டும்தான் கேட்டது.

கண்ணைத் திறக்க டீச்சருக்குப் பயம். திறந்தபோது ஜினிஷா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானை தலையிலிருந்து நழுவியிருந்தது.

முதலில் பேசியது ஜெபிஷ்தான்.

"எனக்குத் தெரியும் அக்கா."

"தெரியுமா?"

"ஒரே ரூம்ல ஒரே கட்டிலுக்க மேலயும் கீழயும் கெடக்கவங்க நாங்க. நீங்க போட்ட பதில எனக்குத்தான் மொதல்ல வாசிச்சுக் காட்டுனான். நாங்க சிரிச்சோம், இப்பவும் டீச்சர்தான்னு. நான்தான் சொன்னேன், விடு மக்கா, நாளைக்கி அக்கா ஸ்கூலு விட்டு வரட்டு, கேட்டு அனுப்புவோம், தப்பா எழுதி அந்த ஆளு மறுபடி சிரிக்க வேண்டாம்னு." அவன் கட்டுப் போட்ட கையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தான். "நீங்க மட்டும் சுமக்காதிய அக்கா. எனக்கும் வெக்கமாத்தான் இருந்தது."

லிஜின் சட்டென்று எழுந்து வாசலுக்குப் போனான். முகத்தைத் துடைத்துக்கொள்ளப் போயிருப்பான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை.

ஜினிஷா கணவன் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு அனுப்பியிருக்கலாமே. நானும் படிச்சவதான?"

"ஒனக்கா? இங்கிலீஷ்ல நான் எழுத மாட்டேன், தப்பு வரும்னு நீதான எப்பவும் சொல்லுவ."

"ஆமா. சொல்லுவேன்." அவள் குரல் இறங்கியது. ஆனால் டீச்சரைப் பார்த்துத்தான் சொன்னாள்: "ஒம்பதாம் கிளாஸ்ல நான் ஒரு கட்டுரை எழுதுனேன் டீச்சர். மழையப் பத்தி. நீங்க கிளாஸ்ல அத வாசிச்சு, எங்க தப்பு இருக்குன்னு எல்லாரையும் கண்டுபிடிக்கச் சொன்னிய. ஒரு மணி நேரம் கண்டுபிடிச்சாங்க. அதுக்குப் பெறவு பரீட்சைக்குத் தவிர நான் இங்கிலீஷ்ல ஒண்ணும் எழுதல்ல."

"எனக்கு ஓர்ம இல்ல மக்களே."

"ஒங்களுக்கு எப்படி இருக்கும்?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை அவள். கோபமாகக் கேட்டிருந்தால் டீச்சர் மன்னிப்பாவது கேட்டிருப்பார். அந்தக் கட்டுரையும் நினைவில் இல்லை, அன்று இவள் முகம் எப்படி இருந்தது என்பதும் நினைவில் இல்லை. நல்ல முறை, பிள்ளைகள் தானாகக் கற்றுக்கொள்கிறார்கள் என்று பெருமைப்பட்டது மட்டும் நினைவில் இருந்தது. இப்படி இன்னும் எத்தனை பேரோ!

ஜினிஷா கட்டிலின் மேல் கிடந்த போனை எடுத்தாள். ஜன்னல் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டாள். எழுத ஆரம்பித்தாள். இடையில் நிறுத்தினாள், யோசித்தாள், மறுபடி எழுதினாள். வாசலில் நின்றிருந்த லிஜினும் திரும்பிப் பார்த்தான்.

பழக்க தோஷம் என்பது எவ்வளவு பொல்லாதது பாருங்கள். இத்தனைக்கும் பிறகு டீச்சர் வாயிலிருந்து அது வந்துவிட்டது:

"நான் ஒருக்கா பாக்கட்டா மக்களே?"

சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"வேண்டாம் டீச்சர்" என்றாள் ஜினிஷா. "தப்பு இருந்தா அவன் சிரிக்கட்டு. சிரிக்கதுக்காவது அவன் வாசிக்கணும் இல்லியா?"

அனுப்பிவிட்டாள். போனைக் கட்டிலில் வைத்துவிட்டு, ஆறிப்போன சாயாத் தம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். எந்த டென்ஸில் எழுதினாள், எத்தனை தப்பு என்று டீச்சருக்குத் தெரியாது. முதல் தடவையாக, தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை. அந்தப் பிள்ளை பயப்படாமல் எழுதினாளே என்று மட்டும் தோன்றியது. அவளை அப்படி எழுத விடாமல் இத்தனை வருஷம் தடுத்தது யார் என்பதும் கூடவே தோன்றியது.

"நாம போவோம் லிஜினு" என்றார் எழுந்து.

"நீ போ அக்கா. நான் ரெண்டு நாளு இஞ்ச நிக்கேன்."

"வீட்டுக்கு வருவியா?"

"நீ சொல்லிட்ட இல்லியா? வருவேன்." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா ஒடனே முடியாது" என்றான்.

இதைவிட நல்ல பதிலை அவர் எதிர்பார்க்கவும் இல்லை. ஜெபிஷின் தலையில் கை வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை வந்தார். அப்போதுதான் கட்டிலில் கிடந்த போன் ஒலித்தது.

ஜினிஷா ஈரக் கையோடு வந்து எடுத்துப் பார்த்தாள். ஒரு தடவை வாசித்தாள். இன்னொரு தடவையும் வாசித்தாள்.

"மேனேஜரா?" என்றான் ஜெபிஷ்.

"ம்."

"சிரிச்சிருக்கானா?"

"இல்ல." அவள் வரி வரியாகத் தமிழில் சொன்னாள். "மெஷினு திங்கட்கிழமையில இருந்தே கெட்டுக் கெடந்ததுன்னு எழுதியிருக்கிய. அப்போ விபத்துக்கு முன்னாலயே ஒங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் கம்பெனிக்கு ஏன் எழுதல்ல? காரணம் சொல்லணும்னு கேக்கான்."

லிஜின் ஒரு எட்டு உள்ளே வந்தான். "சூப்பர்வைசர்கிட்ட வாயால சொன்னோம்னு எழுதலாம்."

"சூப்பர்வைசரு, நான் ஒண்ணும் கேக்கல்லன்னு சொல்லுவான்" என்றான் ஜெபிஷ். "எழுதாதது ஏன்னுதான கேக்கான்."

யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஜினிஷா மட்டும் வாசலில் நின்ற டீச்சரைப் பார்த்தாள். நடந்து வந்து போனை அவர் கையில் வைத்தாள்.

"இத நீங்க எழுதுங்க டீச்சர்."

டீச்சர் அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். எழுதினால் தன் பெயரை எழுத வேண்டும். எழுதினாலும், இரண்டு பையன்களும் தெரிந்தே சும்மா இருந்தார்கள் என்று கம்பெனி அதையே பிடித்துக்கொள்ளலாம். எழுதாவிட்டால் மறுபடியும் ஒரு வரி போகாமல் கிடக்கும்.

லிஜின் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். தோள் மட்டும் லேசாக உரசியது.

"உள்ளத எழுது அக்கா."

விக்டோரியா டீச்சருக்கு இங்கிலீஷில் முதல் சொல் வராமல் போனது அன்றைக்குத்தான்.